‘ஒடைஞ்ச குடும்பத்துப் புள்ள’ – யார் கொடுத்த பட்டம் இது?

“அப்பன் ஒரு பக்கம் போயிட்டான், ஆத்தா ஒரு பக்கம் போயிட்டா. அந்தப் புள்ள கஞ்சா அடிக்காம என்ன பண்ணும்?”

சேரிப் பையன் ஒருத்தன் படிப்பை நிறுத்தினால், பையில் கூல் லிப்போடு பிடிபட்டால், தெருச் சண்டையில் ஸ்டேஷன் வரைக்கும் போனால், இந்தத் தீர்ப்பு கையோடு தயாராக இருக்கிறது. வாத்தியார் சொல்கிறார். ஏட்டையா சொல்கிறார். தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசும் நிபுணர் சொல்கிறார். நம்முடைய வாசகர் வட்டங்களிலும் மாலை வகுப்புகளிலும் தோழர்கள் வாயிலிருந்தே இது வருகிறது. அதனால்தான் இங்கே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

தாய் தகப்பன் பிரிவது பிள்ளையைத் தொடுவதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொடுகிறது. பதிமூணு, பதினாலு வயசில் நெஞ்சைப் பிளக்கிறது. ஆனால் ‘பிரிவு’ என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகளைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒன்று, பிரிவதற்கு முன்னால் வருஷக்கணக்காக நடந்த அடி உதை. இரண்டு, பிரிந்த மறுநாளிலிருந்து வரும் வறுமை. மூன்று, இந்தப் பிள்ளையைப் பார்த்து ஊரும் பள்ளிக்கூடமும் காட்டும் இளக்காரம். இந்த மூன்றும் விதியல்ல. மூன்றையும் எதிர்த்து வேலை செய்ய முடியும். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ‘குடும்பம் ஒடைஞ்சு போச்சு’ என்று கைகழுவுகிறவர்கள், கடைசியில் பழியை ஒரு பெண்ணின் தலையில்தான் கட்டுகிறார்கள்: “அவ கொஞ்சம் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கலாம்ல?”

முதலில் இந்த ‘உடையாத குடும்பம்’ யாருடையது என்று கேட்போம்.

கல்யாணம் ஏழேழு ஜென்மத்துப் பந்தம், அதை அறுக்கவே முடியாது என்பது சாஸ்திரக்காரன் சட்டம். சென்னை மாகாணத்தில் 1949இல் வந்த சட்டமும், நாடு முழுக்க 1955இல் வந்த இந்து திருமணச் சட்டமும்தான் அந்தப் பூட்டைச் சட்டப்படி திறந்தன. அதற்கும் முன்னால் எத்தனையோ தலைமுறையாக உழைக்கும் சாதிகளில் ஒத்துவராத கல்யாணத்தைப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. துரும்பைக் கிள்ளிப் போட்டோ, தாலியைத் திருப்பிக் கொடுத்தோ முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மறுபடி கல்யாணம் கட்டினாள். 1955 சட்டமேகூட 29ஆம் பிரிவில் வழக்கப்படியான மணவிலக்கு உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது. ஆனால் சாதி இந்து இதை எப்படிப் பார்த்தான்? ‘அறுத்துக் கட்டுற சாதி’ என்று ஏசினான். ஒரு பெண் நரகத்திலிருந்து வெளியே வரும் வழியையே சாதியை அளக்கும் கோலாக்கினான். எந்தச் சாதியில் பெண் வெளியே வர முடியாதோ அது ‘உசந்த சாதி’!

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு மணவிலக்கு உரிமையைத் தீர்மானமாகப் போட்டது. பெண்ணுக்குச் சொத்தும் மணவிலக்கும் தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டதைக் கண்டித்து 1951இல் பாபாசாகேப் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். அவர் படத்தை மாட்டிய மன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்து, அடிபட்டு வந்த பெண்ணிடம் “புள்ளைங்களுக்காகவாவது போயி வாழும்மா” என்று பஞ்சாயத்து பேசினால் அதற்குப் பெயர் என்ன? பார்ப்பனியத்தை நீலத் துண்டால் மூடிவைப்பதுதான்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணவிலக்குப் பெற்றவர்கள் என்று பதிவானவர்கள் இந்தியா முழுக்கச் சுமார் 13.6 லட்சம் பேர். ‘பிரிந்து வாழ்கிறவர்கள்’ சுமார் 35 லட்சம் பேர். அதாவது பிரிவுகளில் பெரும்பகுதி கோர்ட்டு வாசலை மிதிப்பதில்லை. காகிதம் கிடையாது, ஜீவனாம்சம் கிடையாது. ஒருநாள் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். முதல் மாசம் பணம் வருகிறது, மூணாவது மாசம் போன் எடுப்பதில்லை, ஒரு வருஷம் கழித்து அங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாகச் சேதி வருகிறது. பிள்ளைகளுக்கு ‘அப்பா போயிட்டாரு’ என்று யாரும் சொல்வதுமில்லை. ‘வருவாரு’ என்று சொல்லிச் சொல்லியே வருஷம் ஓடிவிடுகிறது.

இதைப் பற்றி நீண்ட காலம் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை. அவர்கள் நிலைமை வேறு, நம் நிலைமை வேறு. ஆனாலும் அவர்கள் கண்டதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் ‘ஆராய்ச்சியே சொல்லுது’ என்று நம்மை மிரட்டுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

ஆண்ட்ரூ செர்லினும் மற்றவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளைப் பெற்றோர் பிரிவதற்கு முன்னாலிருந்தே கவனித்தது. பிரிவின் விளைவு என்று நினைத்த கோளாறுகளில் கணிசமானவை, குறிப்பாகப் பையன்களிடம், பிரிவுக்கு முன்பே இருந்தன என்று கண்டது. பால் அமாட்டோவும் கூட்டாளிகளும் 1995இல் சொன்னது இன்னும் தெளிவு: கடும் சண்டை நடக்கும் வீட்டில் பெற்றோர் பிரிந்தால் பிள்ளைகள் பின்னாளில் மேலாக இருக்கிறார்கள், சேர்ந்தே இருந்தால்தான் கெடுகிறார்கள். சண்டையே இல்லாதது போலத் தெரிந்த வீட்டில் திடீரென்று பிரிந்தால் அடி பலமாக விழுகிறது. மேவிஸ் ஹெதரிங்டன் ஏறக்குறைய 1,400 குடும்பங்களை முப்பது ஆண்டுகள்போலக் கவனித்து 2002இல் எழுதினார். பிரிந்த குடும்பத்துப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்குக் கடுமையான சிக்கல்கள். பிரியாத குடும்பங்களில் 10 பேருக்கு. வித்தியாசம் பெரிசுதான், மறைக்க வேண்டாம். ஆனால் மீதி 75 பேர் தேறி வந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? சாரா மக்லனஹன் 1994இல் காட்டியது நமக்கு இன்னும் நெருக்கமானது: ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளின் பின்னடைவில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் வருமானக் குறைவு.

ஆக, சண்டை, காசு, அவமானம். மேல்நாட்டானும் சுற்றி வளைத்து இங்கேதான் வருகிறான். நம் ஊரில் இதன்மேல் சாதி உட்கார்ந்திருக்கிறது.

‘தன்மதிப்பு’ என்பது மனோதத்துவக்காரர்களின் வார்த்தை, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள் தோழர்களே. சுயமரியாதை என்கிற சொல்லை அரசியலாக்கிய மண் இது. ஒரு பிள்ளை தன்னைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொள்கிறது என்பது முழுக்க முழுக்க அரசியல்தான்.

ராத்திரி பதினோரு மணிக்கு அப்பன் தள்ளாடி வருகிறான். சோறு ஆறிப்போச்சு என்று தட்டு பறக்கிறது. ஒற்றை அறை வீடு. பிள்ளை எங்கே போகும்? போர்வைக்குள் முழிச்சுக் கிடக்கிறது. ‘நாம பரிச்சைக்குப் பணம் கேட்டதாலதான் சண்டை வந்துச்சோ’ என்று யோசிக்கிறது. பெரியவர்கள் சண்டைக்குத் தானே காரணம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு. அதை ‘இல்லடா, உன்னால இல்ல’ என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நம் வீடுகளில் அப்படிச் சொல்லும் பழக்கம் குறைவு. மாறாக, “அப்படியே அப்பன உரிச்சி வச்சிருக்கான் பாரு” என்கிறாள் அம்மா, தன் வயிற்றெரிச்சலில். யாரை அவள் வெறுத்து விலகினாளோ அவனாகவே இந்தப் பிள்ளையைப் பார்க்கிறாள் என்று பிள்ளைக்குப் புரிகிறது. அவள் சொன்னதில் அவளுக்குக் குற்றமில்லை. ஆனால் பிள்ளைக்குள் அது தங்கிவிடுகிறது.

அப்புறம் பாட்டி வீடு. அம்மா செங்கல் சூளைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விட, பிள்ளைகள் பிரித்து விடப்படுகிறார்கள்: மூத்தவன் பாட்டியிடம், சின்னவள் சித்தியிடம். மாமன் பிள்ளைகள் தட்டில் விழும் மீன் துண்டையும் தன் தட்டையும் அவன் பார்க்கிறான். “தின்னுறதுக்கு மட்டும் வந்துடும்” என்கிற ஒரு வார்த்தை போதும்.

பள்ளிக்கூடம் போனால் “அப்பாவக் கூட்டிக்கிட்டு வா”. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து. விண்ணப்பத்தில் அப்பா பெயர், அப்பா தொழில். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இனிஷியலே, விட்டுப்போனவன் எழுத்து. தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இலேயே சொல்லிவிட்டது. தலைமையாசிரியர் மேசைக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேர்வதற்குள் எத்தனை பிள்ளைகள் ‘அப்பா வெளியூரு சார்’ என்று பொய் சொல்லப் பழகியிருக்கும்! இந்தப் பொய்யை ஊர்த் தெருப் பிள்ளையும் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அவனுக்குச் சித்தப்பா கடை இருக்கிறது, தாத்தா நிலம் இருக்கிறது, ‘நம்ம பையன்’ என்று சொல்ல ஒரு வாத்தியார் இருக்கிறார். சேரிப் பிள்ளைக்கு மட்டும் ‘அப்பன் இல்லாதது’ ஒரு வசவு, ‘காலனிப் பய’ இன்னொரு வசவு. ரெண்டும் சேர்ந்து ஒரே வாயிலிருந்து வருகிறது. “ஒங்க ஆளுங்க இப்படித்தான்” என்கிற வாக்கியத்தில் அவன் குடும்பத்துக் கதையும் அவன் சாதியும் ஒன்றாகிவிடுகின்றன.

இப்படி எல்லா இடத்திலும் கூசி நிற்கும் பிள்ளையை ஒரே ஒரு இடம் மட்டும் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறது. தண்ணித் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணன்கள் கூட்டம். அங்கே ‘ஒங்கப்பன் எங்கடா’ என்று யாரும் கேட்பதில்லை. ‘வா மச்சான்’ என்கிறார்கள். முதலில் ஹான்ஸ், கூல் லிப், பிறகு கட்டிங்கில் ஒரு பங்கு, பிறகு பொட்டலம், சிலருக்கு வலி மாத்திரை. அவன் போதையைத் தேடிப் போவதற்கு முன்னால் அந்த ‘மச்சானை’த் தேடித்தான் போகிறான். ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவனுக்கு அது தூக்கமும் தருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘போதை உடலுக்குத் தீங்கு’ என்று பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கவைத்து என்ன பயன்? தீங்கு என்று அவனுக்குத் தெரியாதா?

அந்தக் கூட்டத்துக்குச் சரக்கு எப்படி வருகிறது என்றும் பார்க்க வேண்டும். 2003 கடைசியில் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது. 2023-24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. 21 வயசுக்குக் கீழ் உள்ளவனுக்கு விற்கக்கூடாது என்பது விதி. பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. உங்கள் ஊரில் இந்தப் பிரிவில் எத்தனை கடைக்காரன் உள்ளே போயிருக்கிறான்? பையன் பிடிபடுகிறான், முட்டி பெயர்கிறது, பெயர் பதிவாகிறது. விற்றவன் மறுநாள் கடை திறக்கிறான்.

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் (எய்ம்ஸ்) நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் ஒரு விவரம் இருக்கிறது. பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் மாதிரி மோந்து பார்க்கும் போதைப்பொருள்களில் மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விகிதம் அதிகம்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 1.17 சதவீதம். இருப்பதிலேயே விலை குறைந்தது அதுதான், யாரும் தடுக்காததும் அதுதான். போதையிலும் ஏழைப் பிள்ளைக்குக் கடைசிப் பந்திதான்.

வட்டம் இங்கே மூடுகிறது பாருங்கள். எந்தச் சாராயம் அப்பனைத் தட்டைத் தூக்கி எறியவைத்ததோ, அதே சாராயம்தான் பிள்ளைக்கும் ஊற்றப்படுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பலர் தலித்துகள், கூலிக்குப் போகிறவர்கள். ஒரே ராத்திரியில் தாயையும் தகப்பனையும் இழந்த பிள்ளைகள் அங்கே உண்டு. அந்தக் குடும்பங்களை உடைத்தது யாருடைய ஒழுக்கக்கேடு?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போதை என்றதும் பையன்களைப் பற்றியே பேசுவதால் இவர்கள் கண்ணில் படுவதில்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டால் தம்பி தங்கைக்குப் பொங்கிப் போடுவது பதிமூணு வயசுக்காரி வேலை. வயசுக்கு வந்துவிட்டால் ‘அப்பன் இல்லாத பொண்ணு, சீக்கிரம் ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துடணும்’ என்கிறார்கள். அவளும் அந்த வீட்டிலிருந்து தப்பிக்க ஒரு வார்த்தை அன்பாகப் பேசினவனோடு போய்விடுகிறாள். பதினேழு வயசில் கையில் பிள்ளை. அவன் குடிக்கிறான். அவள் திரும்பி வருகிறாள். ‘ஆத்தா மாதிரியே பொண்ணும்’ என்கிறது ஊர். பையன் தன்மதிப்பு உடைந்தால் தெருவில் தெரிகிறது. பெண்ணுக்கு உடைந்தால் அதைக் கல்யாணம் என்று சொல்லி மேளம் அடித்துவிடுகிறோம்.

நம் இயக்கத்துக்குள் பேச வேண்டியதையும் பேசிவிடலாம். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் கை நீட்டுகிற தோழர்கள் இல்லையா? மாநாட்டு வேன் கிளம்பும்போதே பாட்டிலும் ஏறுவதில்லையா? முதல் குடும்பத்தைத் தவிக்கவிட்டுப் போன பொறுப்பாளரிடம் ‘புள்ளைங்களுக்கு மாசம் என்ன குடுக்கிற?’ என்று எந்தக் கமிட்டியாவது கேட்டதுண்டா? அவர் சொந்தப் பிரச்சினை என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் அவர் பிள்ளை கஞ்சா அடித்தால் மட்டும் அது சமூகப் பிரச்சினையாகி, தாய் வளர்ப்பு சரியில்லை என்று ஆகிவிடுகிறது. பிரிவதற்கு ஆணுக்கும் உரிமை உண்டு. பிள்ளையைக் கைவிட யாருக்கும் உரிமை கிடையாது. புருஷன் பொண்டாட்டி உறவு முடியலாம், அப்பன் வேலை முடிவதில்லை. இதை அமைப்பு விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

சேர்த்துவைக்கும் பஞ்சாயத்து வேண்டாம். அடி உதை இருக்கிற இடத்தில் ‘புள்ளைங்களுக்காக’ என்ற வார்த்தையையே எடுக்கக்கூடாது. பிரிவது முடிவானால், பிள்ளைகளை உட்காரவைத்து, என்ன நடக்கப் போகிறது, யார் வீட்டில் இருக்கப் போகிறார்கள், அப்பாவை எப்போது பார்க்கலாம் என்று சொல்லவைக்க வேண்டும். அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘இதுல ஒன் தப்பு ஒண்ணுமில்ல’ என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும்.

காசு விஷயத்தில் வெட்கப்படக் கூடாது. பழைய 125ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல். தாலி கட்டினானா, பதிவு செய்தானா என்பதெல்லாம் பிள்ளையின் ஜீவனாம்சத்துக்குத் தடையில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987 சட்டம் இருக்கிறது. கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளுக்கு ‘மிஷன் வத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்க நம் மாணவர்களால் முடியும்.

கேட்டுப் பெற வேண்டியவையும் இருக்கின்றன. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் வாங்க 30 வயசு ஆகியிருக்க வேண்டும்; மணவிலக்குக் காகிதம் வேண்டும், இல்லையென்றால் புருஷன் விட்டுப்போய் 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு 12 வயசில் அப்பன் போனால் 17 வயசில் உதவி வரும். பிள்ளை கெட்டுப்போவதற்குத் தேவையான காலம் சரியாக அந்த அஞ்சு வருஷம்தான்! இந்த விதியை உடைக்கப் போராட வேண்டும். வீடு ரெண்டாகப் போன பிள்ளைக்கு இருக்கும் ஒரே கூரை பல ஊர்களில் ஆதிதிராவிடர் நல விடுதிதான். 2023இல் உயர்த்திய பிறகு பள்ளி மாணவனுக்கு உணவுப்படி மாதம் 1,400 ரூபாய், அதாவது நாளைக்கு 47 ரூபாய்கூட இல்லை. 2025இல் ‘சமூக நீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான். தட்டில் என்ன விழுகிறது, ராத்திரி அழுகிற பிள்ளையிடம் பேச அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்போம்.

கடைசியாக, ஏற்கெனவே போதைக்குள் போய்விட்ட பிள்ளைகள். மன்றத்தின் பெயர் கெட்டுவிடும் என்று அவர்களை விரட்டுகிறோம். விரட்டினால் அவன் போவது எங்கே என்று தெரிந்துமா? தண்ணித் தொட்டிக் கூட்டம் கொடுக்கிறதை நாம் கொடுக்க வேண்டும்: உட்கார ஒரு இடம், பறை அடிக்கவோ பந்து விளையாடவோ ஒரு குழு, அவன் வராவிட்டால் ‘ஏன்டா நேத்து வரல’ என்று தேடிப் போகிற ஒரு அண்ணன் அல்லது அக்கா. மருத்துவம் தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும், வெளியே காத்திருந்து திரும்பக் கூட்டி வர வேண்டும். மறுபடியும் தவறினால் மறுபடியும் கூட்டிப் போக வேண்டும்.

‘ஒடைஞ்ச குடும்பத்துப் புள்ள’ என்று நம் கூட்டத்தில் அடுத்த முறை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், இந்த வாரம் அதற்காக நம்மில் யார் என்ன செய்தோம் என்று வரிசையாகக் கேளுங்கள்.